எண்ணெய்ப் புட்டியைக் குற்றவாளியாக்கும் முன்

வாட்ஸாப்பில் சுற்றும் அந்தக் குரல் பதிவைக் கேட்காதவர் தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இனி எவரும் இருக்க முடியாது என்பதால் அதை முழுவதும் விவரிக்கவில்லை. மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் வார்டில் சில குழந்தைகளுக்குச் சீழ்க்கொப்புளம் கண்டதற்கு, பார்க்க வந்த ஆயாக்களின், அதாவது பாட்டிமாரின், எண்ணெயும் மஞ்சளுமே காரணம் என்று தீர்ப்புச் சொல்ல அதில் பேசும் ஊர்ப் பெரியவருக்கு ஒன்றரை நிமிடம் போதுமானதாக இருந்தது. கொப்புளத்திலிருந்து மாதிரி எடுத்தார்களா, என்ன கிருமி வளர்ந்தது, எல்லாக் குழந்தைகளிடமும் இருந்தது ஒரே வகைதானா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

இத்தகைய கொப்புளங்களுக்குப் பெரும்பாலும் காரணமாவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஏறக்குறைய மூவரில் ஒருவருடைய மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும் கிருமி அது. ஒரு குழந்தையைத் தொட்ட கை, கழுவப்படாமல் அடுத்த குழந்தையின் தொப்புளைத் துடைக்கும்போது அதற்கு வழி கிடைத்துவிடுகிறது. அந்த வழியைச் சோதித்துத்தான் அறிய வேண்டும், ஊகித்து அல்ல. 2011இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு குழந்தைகள் பிரிவில், மெதிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு அடங்காத இதே கிருமி பரவியபோது, கிருமிகளின் மரபணு வரிசையை ஒப்பிட்டுத் தொடர்பைக் கண்டார்கள். பரவல் ஓய்ந்ததாக நினைத்து 64 நாள்கள் கழிந்தபின் மீண்டும் தலைகாட்டவே, 154 ஊழியர்களைச் சோதித்ததில் ஒருவரிடம் அது இருந்தது. அவருக்குச் சிகிச்சை அளித்தார்கள். குரல் பதிவு போடவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளில் நான் தாதியாக இருந்த வார்டிலும் இப்படிக் கொப்புளம் வந்தது. எங்கள் எல்லோருடைய மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டார்கள். என்னுடையதில் கிருமி வளர்ந்தது. குழந்தைகளிடம் இருந்த வகையும் என்னுடையதும் ஒன்றா என்று எவரும் ஒப்பிடவில்லை. களிம்பைக் கையில் கொடுத்து வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றினார்கள். இரவில் ஒரு தாதிக்கு எத்தனை குழந்தைகள், கை கழுவும் தொட்டி ஏன் வார்டின் மறுகோடியில் ஒன்றே ஒன்று என்று கேட்க ஆளில்லை, ஏனென்றால் அதற்குள் என் மூக்கு கிடைத்துவிட்டது.

'எண்ணெயில் கிருமி இராதா?' என்பீர்கள். பலர் விரல் விட்ட புட்டியில் இருக்கலாம். அப்படியானால் அந்தப் புட்டியைச் சோதியுங்கள். 'நீ மருத்துவமனைக்குப் பரிந்து பேசுகிறாய்' என்கிறார் ஒருவர், 'மருத்துவமனையைத் தூற்றுகிறாய்' என்கிறார் இன்னொருவர். இருவரும் முதலில் தமக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் நலம்.

1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த நம் மூதாதையரை ஒவ்வொரு நவம்பரிலும் மாலையோடு மேடையேறிப் போற்றுபவர் இதே பெரியவர்தான். அந்தக் கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஆளாக்கிய கைகள் யாருடையவை? மேடையில் அவை தெய்வத்தின் கைகள். வாட்ஸாப்பில் அழுக்குக் கைகள்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் பங்களாதேஷ் சந்தையில் அந்தக் குழந்தைகளில் ஒன்றின் ஆயாவைக் கண்டேன். எண்ணெயைத் தோட்டத்தில் கொட்டிவிட்டாராம். பேரன் வீடு திரும்பி நான்கு நாள்களாகியும் இன்னும் தூக்கவில்லை என்று, இரு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு சொன்னார்.