அந்த 5 டாலர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்களா?

மொன்றியலில் நம்மவர்கள் பலருக்கு டெஜார்டனில் கணக்கு இருக்கிறது. எந்த பாங்க் என்று கேட்டால் "டெஜார்டன் பாங்க்" என்போம். நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அது வங்கி இல்லை. ஊரில் சங்கக்கடைக்கு அங்கத்தவராக இருந்தோமே, அதே மாதிரி ஒரு கூட்டுறவு. கணக்குத் திறந்த அன்று பங்குக்கென்று 5 டாலர் எடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காசோடு நாமும் அதன் சொந்தக்காரர் ஆகிவிட்டோம்.

தொடங்கிய அல்போன்ஸ் டெஜார்டன் பெரிய பணக்காரர் இல்லை. ஒட்டாவா நாடாளுமன்றத்தில் பிரெஞ்சுப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எழுதுவது அவர் வேலை. 1897 ஏப்ரலில் ஒரு நாள், மொன்றியல்காரர் ஒருவர் 150 டாலர் கடனுக்கு 5,000 டாலர் வட்டி கட்ட நேர்ந்த கதையை ஓர் உறுப்பினர் சபையில் சொன்னார். நாம் அறாவட்டி என்பது இதைத்தான். அதைக் கேட்ட டெஜார்டனுக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. ஐரோப்பாவின் கடன் சங்கங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தார், தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1900 டிசம்பர் 6 அன்று தன் ஊரான லெவியில் முதல் சங்கத்தை உருவாக்கினார். அடுத்த மாதம் கதவு திறந்த நாளில் சேர்ந்தது 26 டாலர் 40 சதம். முதல் ஆள் போட்டது 10 சதம். அன்றும் பங்கு 5 டாலர்தான். அதையும் சிறுகச் சிறுகக் கட்டலாம்.

சபை கூடும் மாதங்களில் அவர் ஒட்டாவாவில் இருப்பார். லெவி வீட்டில் சங்கத்தின் கணக்கைப் பார்த்தது மனைவி டோரிமென். ஒரு பக்கம் பிள்ளைகள், ஒரு பக்கம் ஊராரின் காசு. இப்படிப்பட்ட சங்கங்களுக்குக் கியூபெக்கில் சட்டம் வந்தது 1906இல்தான். அதுவரை ஏதும் பிசகியிருந்தால் பழி அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழுந்திருக்கும். வீட்டில் வைத்துச் சீட்டுப் பிடிக்கிற நம் அக்காமாருக்கு அந்தப் பயம் நன்றாக விளங்கும். என்னைக் கேட்டால், அவர் பெயரையும் கணவர் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, இன்றைக்கு வருவோம். அங்கத்தவர்களும் வாடிக்கையாளர்களும் சேர்ந்து 70 இலட்சத்துக்கும் மேல். காப்புறுதி, முதலீடு என்று எல்லாம் இருக்கிறது. அதோடு உள்ளே வேலை செய்த ஒருவரால் தனிப்பட்ட தகவல்கள் வெளியே போனதும் 2019இல் தெரியவந்தது. ஏறத்தாழ 97 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டதாகக் கனடாவின் தனியுரிமை ஆணையாளர் சொன்னார். கிளைகளும் காசு எடுக்கும் இயந்திரங்களும் ஊர் ஊராகக் குறைகின்றன. செயலியைப் பாவிக்கத் தெரியாத வயதானவர்களுக்கு இது பெரிய அடி.

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கணக்கை மூடிவிட்டு ஒரு வங்கிக்குப் போனால், அங்கே பங்கு நிறைய வைத்திருப்பவரின் சொல்தான் எடுபடும். இங்கே இலட்சக்கணக்கில் வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, எனக்கும் ஒரு வாக்கு. அதைப் பாவிக்காமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் தடவை ஆண்டுக் கூட்டத்துக்குப் போனபோது மண்டபத்தில் பாதிக் கதிரை காலி. இருந்தவர்களில் பெரும்பாலும் நரைத்த தலைகள். நம்மவர் என்று பார்த்தால் நான் மட்டும்தான். இலாபத்தில் அங்கத்தவருக்கு எவ்வளவு, ஊர் வேலைகளுக்கு எவ்வளவு என்று கேட்டார்கள், கையை உயர்த்தினேன். என் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் எழுந்து, கிளை திறக்கும் நேரத்தை ஏன் குறைத்தீர்கள் என்று விடாமல் கேட்டார். மேடையில் இருந்தவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

கூட்டத்துக்கான அறிவித்தல் வசந்தத்தில் வரும். குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிரெஞ்சு தடை என்றால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், பக்கத்தில் இருந்து சொல்கிறேன். கோட்-தே-நெய்ஜ் பக்கம் இருப்பவர்கள் என்றால் சேர்ந்தே போகலாம்.