செல்யாபின்ஸ்கில் வெடித்தது வால் நட்சத்திரம் இல்லை

2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்தது வால் நட்சத்திரம், வீடியோவில் வால் தெரிகிறதே என்கிறீர்கள். தப்புங்க. அந்த வெள்ளைக் கோடு பாறை எரிந்து விட்டுப்போன தூசி. நிஜ வால் என்பது சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு லட்சக்கணக்கான கிலோமீட்டர் நீள்வது, அதுவும் போகிற பாதைக்குப் பின்னால் என்றில்லை, பெரும்பாலும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக.

வந்தது சுமார் 20 மீட்டர் அகலச் சிறுகோள், அதாவது சூரியனைச் சுற்றும் பாறை. அந்தப் பகுதியின் செபார்குல் ஏரியிலிருந்து எடுத்த, 500 கிலோவுக்கும் மேலான அதன் துண்டு சுத்தமான கல், பனிக்கட்டி இல்லை. விண்வெளியில் அது சிறுகோள், நம் காற்றுக்குள் எரிந்தபோது எரிநட்சத்திரம் (பேர்தான் நட்சத்திரம்!), ஏரியில் கிடைத்த துண்டு விண்கல். சரி, வால் நட்சத்திரத் தூசியும் எரிநட்சத்திரமாகும், ஆகஸ்ட் மாத பெர்சீட் பொழிவு அப்படித்தான், ஆனால் இது அந்தக் கணக்கில் வராது.