உதிர்ந்துபோகும் நிபந்தனைகள்

பொருளாதாரக் கொள்கை ஆய்வொன்று அரசின் முடிவாக மாறும்போது அதிலுள்ள எண் மட்டும் அமைச்சரின் மேசையைச் சென்றடைகிறது. அந்த எண் எந்தச் சூழலில், யாருக்கு, எவ்வளவு காலத்துக்குப் பொருந்தும் என்று ஆய்வாளர் எழுதிவைத்த நிபந்தனைகள் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. வணிகம், குடிபெயர்வு, நிதி, பொதுக்கடன் ஆகிய நான்கைப் பற்றியும் வெளிவரும் ஆய்வுகளைத் தொடர்ந்து வாசித்துவருபவன் என்ற முறையில், கொள்கை வகுப்பதில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த உதிர்தலிலிருந்தே பிறக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆய்வாளர்கள் பெரும்பாலும் பொறுப்போடுதான் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதியதில் பாதி மட்டும் ஊர் போய்ச் சேர்கிறது என்பதே என் ஆதங்கம்.

பொதுக்கடனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சேதம் அங்கேதான் அதிகம். 2010ஆம் ஆண்டில் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகோஃபும் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் 20 வளர்ந்த நாடுகளை எடுத்துக்கொண்டு, பொதுக்கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய ஆண்டுகளில் சராசரி வளர்ச்சி விகிதம் மைனஸ் 0.1 விழுக்காடாக இருந்தது என்று அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். அந்த 90 என்ற எண் ஐரோப்பிய ஆணையத்தின் ஒல்லி ரென், அமெரிக்க நாடாளுமன்றத்தின் பால் ரயன் போன்றவர்களின் வாதங்களில் செலவுக் குறைப்புக்கான சான்றாக இடம்பெற்றது. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், பாடப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க முயன்று, முடியாமல், கட்டுரையாளர்களிடமே மூல எக்செல் கோப்பைக் கேட்டுப் பெற்றார். சராசரி காணும் சூத்திரத்தில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. மைக்கேல் ஆஷ், ராபர்ட் பொலின் ஆகியோருடன் சேர்ந்து அவர் திருத்திய கணக்கில் அந்த மைனஸ் 0.1, பிளஸ் 2.2 ஆயிற்று.

எக்செல் பிழைதான் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. எனக்கோ அதைவிட முக்கியமாகப் படுவது எடை போட்ட முறை. நியூசிலாந்து 90 விழுக்காட்டுக்கு மேல் கடன் வைத்திருந்த ஆண்டுகளில் 1946 முதல் 1949 வரையிலானவை கணக்கில் சேராமல் போனதால் 1951 என்ற ஒரே ஆண்டு எஞ்சியது. அந்த ஆண்டில் அதன் பொருளாதாரம் 7.6 விழுக்காடு சுருங்கியது. பிரிட்டன் அதே வகைப்பாட்டில் 19 ஆண்டுகள் இருந்து சராசரியாக 2.4 விழுக்காடு வளர்ந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் சம எடை என்று வைத்ததால், ஒரு நாட்டின் ஒற்றை ஆண்டும் இன்னொரு நாட்டின் 19 ஆண்டுகளும் தராசில் ஒரே கனமாயின. சூத்திரப் பிழையை ஒப்புக்கொண்ட கட்டுரையாளர்கள் எடை போட்ட முறையை நியாயப்படுத்தினார்கள். சராசரிக்குப் பதிலாக இடைநிலை அளவை, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை, வைத்துப் பார்த்தால் வளர்ச்சி ஒரு விழுக்காட்டுப் புள்ளி அளவே குறைகிறது என்பது தங்கள் மூலக் கட்டுரையிலேயே இருப்பதாகவும் சுட்டிக்காட்டினார்கள். அது உண்மைதான், கட்டுரையின் சுருக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த நிதானமான வரியை எந்த அமைச்சரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை. கடன் மிகுந்ததால் வளர்ச்சி குன்றியதா, வளர்ச்சி குன்றியதால் கடன் விகிதம் ஏறியதா என்ற அடிப்படைக் கேள்வியும் அதே வழியில்தான் காணாமல் போயிற்று.

கடனுக்கு எல்லாக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஓர் எல்லைக்கோடு இருக்க முடியாது என்பதைக் காகிதத்தில் நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு நாடுகள், இரண்டுக்கும் கடன் உற்பத்தியில் 90 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாடு 4 விழுக்காடு வட்டி கட்டுகிறது, விலையேற்றத்தையும் சேர்த்து அதன் பொருளாதாரம் 6 விழுக்காடு வளர்கிறது. இரண்டாவது நாட்டுக்கு வட்டி 6, வளர்ச்சி 4. முதல் நாடு வட்டிச் செலவு நீங்கலாக உற்பத்தியில் ஒரு விழுக்காடு பற்றாக்குறை வைத்தாலும் அடுத்த ஆண்டு அதன் கடன் விகிதம் சுமார் 89.3 ஆகக் குறையும். இரண்டாவது நாடு வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு விழுக்காடு உபரி வைத்தாலும் அதன் விகிதம் சுமார் 90.7 ஆக ஏறும். சிக்கனமாக இருந்த நாடு மேலே போகிறது, செலவழித்த நாடு கீழே வருகிறது. கடனின் அளவை மட்டும் சொல்லி, வட்டிக்கும் வளர்ச்சிக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லாமல் விடும் எந்த எச்சரிக்கையும் அரைகுறையானது.

ஐரோப்பாவின் 60 விழுக்காட்டு வரம்பும் இப்படிப்பட்டதுதான். 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கடனுக்கு 60 என்றும் ஆண்டுப் பற்றாக்குறைக்கு 3 என்றும் வரம்பு வைத்தது. விலையேற்றத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 5 விழுக்காடு வளரும் பொருளாதாரம், ஒவ்வோர் ஆண்டும் 3 விழுக்காடு பற்றாக்குறை வைத்தால், அதன் கடன் 60ஐ ஒட்டி நிலைபெறும். வளர்ச்சி 3 விழுக்காடாகக் குறைந்தால் அதே பற்றாக்குறை கடனை 100ஐ நோக்கி இழுத்துச் செல்லும். வளர்ச்சி மாறியது; 60 மாறவில்லை.

இந்த உதிர்தலுக்கு மனிதர்கள் கொடுத்த விலை என்ன என்று கேட்பவர்களுக்குக் கிரேக்கத்தைக் காட்டுவேன். 2010 மே மாதத்தில் கடனுதவித் திட்டம் தொடங்கியபோது, அரசு செலவைக் குறைத்தால் உற்பத்தி எவ்வளவு சுருங்கும் என்ற கணிப்பே எல்லாவற்றுக்கும் அச்சாணியாக இருந்தது. அதைப் பெருக்கி என்பார்கள்: அரசு ஒரு யூரோ குறைத்தால் மொத்த உற்பத்தி எத்தனை யூரோ குறையும் என்ற விகிதம். வளர்ந்த நாடுகளுக்கு அப்போது கணிப்பாளர்கள் பொதுவாகக் கொண்டிருந்த அளவு சுமார் 0.5. பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்த ஒலிவியே பிளான்ஷாரும் அவருடன் பணியாற்றிய டேனியல் லீயும் பின்னர் ஆராய்ந்தபோது, நெருக்கடிக் காலத்தில் உண்மையான அளவு 0.9க்கும் 1.7க்கும் இடையில் இருந்திருக்கலாம் என்ற முடிவுக்கு நிதியம் வந்தது. அந்த 0.5, மத்திய வங்கி வட்டியைக் குறைத்துக் கைகொடுக்கவும், நாணயத்தின் மதிப்பு இறங்கி ஏற்றுமதி உயரவும் இடமிருந்த சாதாரணக் காலங்களின் எண். கிரேக்கத்துக்குத் தனி நாணயம் இல்லை, வட்டியோ ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்தது, அண்டை நாடுகளும் அதே நேரத்தில் செலவைக் குறைத்துக்கொண்டிருந்தன. உற்பத்தி ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது. 2013இல் வேலையின்மை 27 விழுக்காட்டைத் தொட்டது. கடனைக் குறைக்க வந்த திட்டத்தின் கீழ், வகுக்கும் எண் சுருங்கியதாலேயே கடன் விகிதம் ஏறியது. நிதியம் தன் கணிப்புப் பிழையைத் தானே ஆராய்ந்து 2013இல் வெளியிட்டதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் வேலையிழந்த குடும்பங்களுக்கு அந்த நேர்மை மூன்று ஆண்டுகள் தாமதமாக வந்தது.

குடிபெயர்வு ஆய்வுகளில் இதே நோய் வேறு முகத்தோடு வருகிறது. 1980இல் கியூபாவின் மாரியல் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்காவுக்குச் சென்றார்கள். சில மாதங்களில் மயாமி நகரத்தின் தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 7 விழுக்காடு உயர்ந்தது. உள்ளூர்த் தொழிலாளர்களின் கூலியில் ஏறக்குறைய எந்தப் பாதிப்பும் தெரியவில்லை என்று டேவிட் கார்ட் 1990இல் காட்டினார். கால் நூற்றாண்டு கழித்து ஜார்ஜ் போர்ஹாஸ், பள்ளிப் படிப்பை முடிக்காத, லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேராத ஆண்களை மட்டும் பிரித்துப் பார்த்து, அவர்களின் கூலி 10 முதல் 30 விழுக்காடு வரை சரிந்தது என்றார். மைக்கேல் கிளெமென்ஸும் ஜெனிஃபர் ஹன்ட்டும் அந்தச் சிறிய மாதிரியைத் தோண்டிப் பார்த்தபோது, அதே ஆண்டில் கணக்கெடுப்பு முறை மாறி, குறைந்த கூலி பெற்றுவந்த கறுப்பின ஆண்களின் பங்கு மாதிரியில் கூடியிருப்பது தெரிந்தது. சரிவு எனத் தோன்றியதில் பெரும்பகுதியை அந்த மாற்றமே விளக்கக்கூடும்.

என் மதிப்பீட்டில் கார்டின் முடிவே வலுவாக நிற்கிறது. ஆனாலும் குடிபெயர்வை ஆதரிக்கும் நண்பர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மயாமி ஏற்கெனவே குடியேறிகளை உள்வாங்கிப் பழகிய நகரம் என்பதையும், திறன் குறைந்த தொழிலாளர்களை ஏற்றுக்கொள்ளும் ஆடைத் தொழில் போன்றவை அங்கே இருந்தன என்பதையும், கியூபர்கள் வந்த பிறகு மற்றவர்கள் அந்நகருக்குக் குடிவருவது குறைந்தது என்பதையும் கார்டே தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அவற்றை விட்டுவிட்டு "குடியேற்றம் கூலியைக் குறைக்காது" என்று எங்கும் எப்போதும் பொருந்தும் சூத்திரமாக அதை எடுத்துச் செல்வது, 90ஐ எடுத்துச் சென்றவர்கள் செய்த அதே தவறு. நமக்குப் பிடித்த முடிவு என்பதால் அது தவறில்லாமல் ஆகிவிடாது.

வணிகத்தில் உதிர்ந்துபோனது, இழப்பவர் யார் என்ற வரி. வணிகம் திறக்கப்பட்டால் நாடு மொத்தமாகப் பயனடையும், ஆனால் உள்ளே சிலர் இழப்பார்கள் என்பதை 1941லேயே ஸ்டோல்பரும் சாமுவேல்சனும் கோட்பாடாக நிறுவிவிட்டார்கள். இழப்பவர்கள் வேறு தொழிலுக்கோ வேறு ஊருக்கோ மாறிக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு, சொல்லப்படாத நிபந்தனையாகப் பல பத்தாண்டுகள் கூடவே இருந்தது. 1990 முதல் 2007 வரை, அதாவது 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்ததற்கு முன்னும் பின்னும், நடந்ததை டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவை 722 உள்ளூர்த் தொழிற்சந்தைகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். சீன இறக்குமதியோடு நேரடியாகப் போட்டியிட்ட பகுதிகளில் வேலை குறைந்தது, கூலி குறைந்தது, ஆனால் மக்கள் எதிர்பார்த்த அளவுக்கு இடம்பெயரவில்லை. வணிகத்தால் வேலையிழந்தோருக்கென்றே 1962இல் சட்டமாக்கப்பட்ட ஈட்டுதவித் திட்டத்தின் வழியே அங்கு சென்ற பணம், உடல் இயலாமை உதவித்தொகை வழியே சென்ற பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். மலிவான பொருளால் கோடிக்கணக்கானோர் சிறிது சிறிதாகப் பெற்ற நன்மையும், சில பகுதிகள் மொத்தமாகச் சுமந்த இழப்பும் ஒரே சராசரிக்குள் கரைந்துபோயின. இதைக் காட்டி இறக்குமதி வரிச் சுவர் எழுப்புவதை நான் ஆதரிக்கவில்லை. தொழிற்சாலை மூடப்பட்டு இருபது ஆண்டுகள் கழித்துப் போடும் வரி, போன வேலைகளைத் திருப்பித் தராது. புதிதாக வேறொருவரிடமிருந்து பறிக்கும்.

நிதித் துறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூலதனம் நாடுகளுக்கிடையே தடையின்றிப் பாய்வதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக்கும் திருத்தத்தைப் பன்னாட்டு நாணய நிதியம் 1997 செப்டம்பரில் ஹாங்காங் கூட்டத்தில் முன்னெடுத்தபோது, தாய்லாந்தின் நாணயமான பாட், அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கும்படி மிதக்கவிடப்பட்டுச் சரியத் தொடங்கி இரண்டரை மாதங்கள் ஆகியிருந்தன. வங்கிகளின் மீது உறுதியான கண்காணிப்பு இருந்தால், கடன் சொந்த நாணயத்தில் இருந்தால் அப்படிப் பாய்வது நன்மை தரும் என்ற இரண்டு நிபந்தனைகளும் அங்கே நிறைவேறாமலேயே பணம் உள்ளே வந்திருந்தது. சில சூழல்களில் மூலதனக் கட்டுப்பாடு ஏற்கத்தக்கது என்று நிதியம் முறைப்படி சொல்வதற்கு 2012 வரை ஆயிற்று.

இந்த நான்கையும் தனித்தனி அறைகளில் வைத்து ஆராய்வதுகூட ஒருவகையில் நிபந்தனையை உதிர்ப்பதுதான். குறைந்த வருமான நாடுகளின் கடன் தாங்கும் திறனை மதிப்பிட நாணய நிதியமும் உலக வங்கியும் 2018 முதல் பயன்படுத்திவரும் சட்டகத்தைப் பாருங்கள். நிறுவனங்களின் தரம், உள்நாட்டு வளர்ச்சி, அந்நியச் செலாவணிக் கையிருப்பு, உலகப் பொருளாதார வளர்ச்சி ஆகியவற்றோடு, வெளிநாடு சென்றவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணமும் அதில் ஒரு கூறு. இவற்றைச் சேர்த்து ஒரு நாட்டைப் பலவீனம், நடுத்தரம், வலிமை என்று வகைப்படுத்தி, வெளிக்கடனின் இன்றைய மதிப்புக்கு உற்பத்தியில் 30, 40, 55 விழுக்காடு என்று வரம்பு வைக்கிறார்கள். அப்படியானால் ஒரு பணக்கார நாடு தன் குடியேற்ற விதியை இறுக்கும்போது, வேறொரு கண்டத்தில் ஓர் ஏழை நாட்டுக்கு வந்துசேரும் பணம் குறைந்து, அந்த நாடு கீழ்வகைக்கு இறங்கி, நேற்று வரை தாங்கக்கூடியதாக இருந்த அதன் கடன் இன்று தாங்க முடியாததாகக் கணக்கில் மாற இடமுண்டு. குடியேற்ற விதியை எழுதும் துறையின் கோப்பில் இந்த விளைவுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கப்படுகிறதா என்பதே என் கேள்வி.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. 2019 முதல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் ஆய்விதழ்கள், கட்டுரை வெளியாகும் முன்பே அதன் தரவையும் கணினி நிரலையும் சரிபார்க்கின்றன. அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் கொள்கைக்கு அடிப்படையாகக் காட்டும் ஒவ்வொரு கணிப்புக்கும் அதே கட்டாயம் வேண்டும். ஹெர்ண்டனுக்குக் கிடைத்த கோப்பு, கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கக் கூடாது. அதோடு, ஒரு கடன் திட்டத்திலோ வணிக ஒப்பந்தத்திலோ முதல் பக்கத்தில் எண் அச்சிடப்பட்டால், அந்த எண் எந்த வட்டியில், எந்த வளர்ச்சியில், எந்த மக்கள் பிரிவுக்கு உடைந்துபோகும் என்பதும் அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். பின்னிணைப்பில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதைக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.