கிரேஸ் ஓ'மாலி: முடி வெட்டிய கதையும் 18 கேள்விகளும்

16ஆம் நூற்றாண்டு அயர்லாந்தின் கடலோடித் தலைவி கிரேஸ் ஓ'மாலியைப் பற்றி யார் எழுதினாலும் அதே கதையில்தான் தொடங்குகிறார்கள். அப்பாவோடு கப்பலில் போக ஆசைப்பட்ட சிறுமி. கூந்தல் கயிற்றில் சிக்கிக்கொள்ளும் என்று அவர் மறுத்தார். ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "மொட்டைத்தலை கிரான்யா" என்ற பட்டப்பெயர் அதனால் வந்ததாம் (கிரேஸின் ஐரிஷ் பெயர் கிரான்யா). அழகான கதைதான். ஆனால் அது செவிவழிக் கதை. 1593இல், அயர்லாந்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த இங்கிலாந்து அரசாங்கம் கேட்ட 18 கேள்விகளுக்கு அந்த அம்மா சொன்ன பதில்கள் எழுத்தில் இருக்கின்றன. அவற்றை யாரும் பகிர்வதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1530 வாக்கில் பிறந்தவர். ஊர், அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ மாவட்டத்தின் க்ளூ விரிகுடா. ஓ'மாலிகள் பரம்பரைக் கடலோடிகள், தங்கள் கடலில் மீன் பிடிக்க வரும் வெளியூர்ப் படகுகளிடம் வரி வாங்கியவர்கள். 16 வயது வாக்கில் பக்கத்து ஓ'ஃப்ளாஹர்ட்டி குடும்பத்தில் கல்யாணம், மூன்று பிள்ளைகள். பிறகு கணவர் பகையில் கொல்லப்பட்டார்.

இந்த இடத்தில் அந்தக் கேள்வித்தாளுக்கு வர வேண்டும். கேட்டவர் எலிசபெத் ராணியின் தலைமை ஆலோசகர் பர்லி பிரபு. கேள்விகளில் ஒன்று: ஐரிஷ் வழக்கப்படி, இறந்துபோன தலைவனின் மனைவிக்கு என்ன பங்கு? கிரேஸின் பதில் நேரடியானது. இங்கிலாந்தில் விதவைக்குக் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்கு இங்கே கிடையாது. அவள் கொண்டுவந்த சீதனம் மட்டும்தான் அவளுக்கு. அதையும் புருஷன் செலவழித்துவிட்டுக் கடனோடு செத்துப்போனால் வெறுங்கைதான்.

இந்தப் பதிலைப் படித்த அன்று எனக்கு அந்த முடி வெட்டிய கதை சின்னதாகிவிட்டது. ஒரு பெண் ஏன் கப்பலேறினாள் என்பதற்குச் சிறுவயது ஆசையை மட்டும் காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளோடும் தன்னை நம்பி வந்த ஆட்களோடும் க்ளூ விரிகுடாவின் வாயிலில் இருக்கும் க்ளேர் தீவுக்குத் திரும்பியவருக்கு உலை வைக்கக் கடல்தான் இருந்தது. ராணிக்கு எழுதிய மனுவிலும் இதைத்தான் சொல்கிறார்: 40 வருஷமாக என்னையும் என் மக்களையும் காப்பாற்ற நிலத்திலும் கடலிலும் ஆயுதம் எடுக்க வேண்டியிருந்தது என்று.

அவருடைய கப்பல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய பீரங்கிக் கப்பல்களைக் கற்பனை செய்யாதீர்கள். பலகையின் விளிம்பு அடுத்த பலகை மேல் ஏறி நிற்கும்படி அடித்துக் கட்டிய நீளமான கலம். வைக்கிங் கப்பல்களின் வழி வந்த கட்டுமானம். ஒரு பாய்மரம், ஒரு சதுரப் பாய், இரண்டு பக்கமும் துடுப்பு. 1601இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் ஓ'மாலிகளின் கலம் ஒன்றோடு சண்டையிட்டுவிட்டு எழுதிய குறிப்பில் 30 துடுப்புகள், துப்பாக்கி ஏந்திய 100 பேர் என்று இருக்கிறது. காற்று செத்தாலும் இது ஓடும். அடிப்பகுதி ஆழமில்லாததால் க்ளூ விரிகுடாவின் தீவுக்கூட்டத்துக்குள்ளும் மணல்திட்டுகளுக்குள்ளும் சுலபமாக நுழைந்துவிடும். துரத்தி வரும் கனத்த கப்பல் தரைதட்டி நிற்கும். கரையோரமாகவே இருக்கிறது அவருடைய ராக்ஃப்ளீட் கோட்டை, நாலு மாடிக் கல் கோபுரம். 1566 வாக்கில் அவரை மணந்த ரிச்சர்ட் பர்க்கின் கோட்டை அது. 1570களில் கால்வே நகரத்திலிருந்து வந்த ஆங்கிலப் படை அதை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது.

அவரைச் சுதந்திரப் போராளி ஆக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. 1577இல் கால்வேயில் ஆங்கில ஆளுநர் ஹென்றி சிட்னியைத் தானே போய்ப் பார்த்து, 3 கப்பல்களும் 200 வீரர்களும் உங்கள் சேவைக்கு என்றார். 1601இல், ஐரிஷ் தலைவர்கள் ராணியை எதிர்த்து நின்ற கின்சேல் போரில் அவர் மகன் டிபட் நின்றது ராணியின் பக்கம். வணிகக் கப்பல்களை மறித்தார், சரக்கை எடுத்தார், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஐரிஷ் துறவிகள் 1630களில் தொகுத்த பெரிய ஆண்டுக்குறிப்பில் அவர் பெயரே இல்லை. சொந்த மண் எழுதாமல் விட்டவரை, எதிரியின் அலுவலகக் காகிதங்கள்தான் இன்றைக்கு நமக்குக் காட்டுகின்றன. இதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

அந்தப் பதில்களில் இன்னொரு இடம். மேயோவும் கால்வேயும் அடங்கிய கன்னாட் மாகாணத்தின் ஆங்கில ஆளுநர் ரிச்சர்ட் பிங்கமின் ஆட்கள் 1586இல் அவருடைய மூத்த மகன் ஓவனைக் கொன்றார்கள். பிறகு அவரையும் பிடித்துக் கயிற்றால் கட்டி, அவருடைய மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பிங்கம் அவருக்கென்றே புதிதாக ஒரு தூக்குமரம் செய்ய வைத்தார். அதில்தான் தன் முடிவு என்று அவர் நினைத்திருக்கிறார். மருமகன் பிணை கொடுத்ததால் உயிர் தப்பினார்.

1593இல் அதே பிங்கம் டிபட்டையும் கிரேஸின் சகோதரரையும் சிறைபிடித்தபோது, அறுபதைத் தாண்டிய இந்த அம்மா லண்டனுக்குக் கடல்வழியே போனார். செப்டம்பரில் கிரீனிச் அரண்மனையில் ராணியைப் பார்த்தார். இருவரும் லத்தீனில் பேசினார்கள் என்பார்கள். அதைவிட எனக்கு முக்கியம் ராணி பிங்கமுக்கு அனுப்பிய கடிதம். இருவரையும் விடுவிக்கச் சொன்னதோடு, மகன்களின் நிலத்திலிருந்து இவருடைய பிழைப்புக்கு வழிசெய்யவும் சொல்கிறது. ஊர் வழக்கம் கொடுக்காததை எதிரி நாட்டு ராணியிடம் வாங்கிவிட்டார்.

பிங்கம் இருவரையும் விடுவித்தார். ஆனால் கிரேஸை நிம்மதியாக இருக்க விடவில்லை, அவர் செலவில் தின்னும்படி படைவீரர்களை அங்கேயே குடிவைத்தார். 1595இல் கிரேஸ் மறுபடியும் பர்லியிடம் மனு கொடுத்தார். இந்த முறை கேட்டது, இரண்டு கணவர்களின் நிலத்திலும் மூன்றில் ஒரு பங்கு.