கொரோனா சாவுக் கணக்கு: மாடலைத் திட்டுவதற்கு முன்

2020, 2021 இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் கொரோனாவை ஒட்டி 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு மாடல், அதாவது கிடைத்த தரவை வைத்துப் போடும் கணித மதிப்பீடு, போட்டுச் சொன்னது. அந்த முறையே தப்பு என்றது அரசு. அதே காலத்துக்கு அரசுக் கணக்கு 4.81 லட்சம். ஏறக்குறைய பத்து மடங்கு என்றால் யாருக்கும் சந்தேகம் வரும்தான். ஆனால் சந்தேகமெல்லாம் ஒரு பக்கம் மட்டும் ஏன் போகிறது?

டெஸ்டில் பாசிட்டிவ் வந்து, ஆஸ்பத்திரியில் இறந்து, அங்கிருந்து பட்டியலில் ஏறியவர்கள்தான் பெரும்பாலும் அந்த 4.81 லட்சம். டெஸ்டே எடுக்காமல் வீட்டில் மூச்சுத்திணறிப் போனவருக்கு அதில் இடமில்லை. பீகாரில் 2021 ஜூனில் மறுபடி சரிபார்த்தபோது 5,400 சொச்சம் ஒரே நாளில் 9,400-ஐத் தாண்டியது. தமிழ்நாட்டிலும் 2020 ஜூலையில் விடுபட்ட 444 சாவுகளைச் சேர்த்தார்கள்.

அதனால்தான் ஆய்வாளர்கள் காரணத்தை விட்டுவிட்டு மொத்தச் சாவையும் எண்ணுகிறார்கள். வழக்கமான ஆண்டில் எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று பார்ப்பது. கேட்க எளிது. ஆனால் நம் நாட்டில் எல்லாச் சாவும் பதிவாவதில்லையே! 2019-ல் 92 சதவீதம் பதிவானது என்பது அரசு மதிப்பீடு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் வீடு வீடாகக் கேட்டபோது கிடைத்ததோ சுமார் 71. பட்டா மாற்றவோ பேங்க் பணம் எடுக்கவோ சான்றிதழ் தேவைப்பட்டால்தானே ஆபீஸ் படி ஏறுகிறோம்? பெயரில் ஒரு சென்ட் நிலமில்லாத பாட்டிக்காக யார் அலைவார்கள்? ஆண்களைவிடப் பெண்களின் இறப்பு குறைவாகவே பதிவாகிறது.

ஆக, பதிவேட்டில் எண்ணிக்கை கூடினால் அது நோயாலா, பதிவு சீரானதாலா என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. பதிவான மொத்தச் சாவு 2019-ல் 76 லட்சம், 2020-ல் 81 லட்சம், 2021-ல் 1.02 கோடி. முதலில் கூடிய ஐந்து லட்சத்துக்குப் பதிவு மேம்பட்டதைக் காரணமாகச் சொன்னால் சரி, கேட்டுக்கொள்ளலாம். அடுத்த ஒரே ஆண்டில் கூடிய 21 லட்சத்துக்கு அது போதாது. அந்த ஆண்டு அரசுப் பட்டியலில் ஏறிய கொரோனா சாவு சுமார் 3.3 லட்சம்தான்.

எனக்கு எரிச்சல் இங்கேதான். இந்த 1.02 கோடியைச் சொல்லும் அரசின் 2021 இறப்புப் பதிவு அறிக்கை வெளிவந்தது 2025 மே மாதம். (2020 அறிக்கை மட்டும் உலக சுகாதார நிறுவனம் வாய் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு சரியாக வந்துவிட்டது!) பதிவேட்டைக் காட்டாமல் இருந்துவிட்டு, அடுத்தவர் மாடல் போட்டால் முறையே தப்பு என்பது எந்த ஊர் நியாயம்?

கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்றதும் நடந்ததைப் பாருங்கள். 2022 ஜனவரியில் குஜராத்தின் பட்டியலில் இருந்த சாவு சுமார் 10 ஆயிரம். அரசே ஏற்றுக்கொண்ட நிவாரண மனுக்கள் 68 ஆயிரத்துக்கு மேல். பாசிட்டிவ் வந்து 30 நாளுக்குள் இறந்தாலே போதும் என்று விதி தளர்வாக இருந்தது உண்மைதான். அப்படியே கழித்தாலும் இடைவெளி சின்னதா?

47 லட்சம்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். போனில் வீட்டு ஆட்களைக் கேட்டு நடத்திய இன்னொரு ஆய்வு, 2020 ஜூன் முதல் 2021 ஜூலை வரை 32 லட்சம் என்றது. நான் சாய்வது அந்தப் பக்கம். ஐந்து லட்சத்துக்குள் முடிந்தது என்பதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.