குக்கரை ஏன் பழைய இரும்புக்குப் போட்டீர்கள்?

களுவாஞ்சிகுடியில் மச்சாள் கடலை அவிக்க வைத்த குக்கர் மூடியைப் பிய்த்துக்கொண்டு வெடித்துப் பத்து மாதமாகிறது. அப்போது அதை வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. வலது கை முழங்கை வரை தோல் உரிந்து, பதினாறு நாள் வார்ட்டில் கிடந்தார். கூரை ஓட்டில் அப்பிய கடலை அதற்குப் பிறகும் இரண்டு நாள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் தோடம்பழத்துடன் வைத்தியசாலைக்கு வந்தார். "விசில் ஓட்டையில் கடலைத்தோல் அடைத்திருக்கும், தங்கச்சி கவனிக்கவில்லை" என்றார். புதுக் குக்கர் ஒன்றும் கொடுத்தார். வீட்டார் குளிர்ந்துபோனார்கள். எனக்குத்தான் ஆறவில்லை. விசில் அடைபட்டால் ஆவி போகத்தானே மூடியில் இன்னொரு பாதுகாப்பு வால்வு வைக்கிறார்கள்? அது ஏன் திறக்கவில்லை? "நேரம் சரியில்லை" என்றார் அண்ணன். வால்வுக்கு ஏது நேரம்!

இலங்கையின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தைப் புரட்டினேன். நட்டஈடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காயம்பட்ட நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து! ஐந்தாம் மாதம் வெடிக்கிற குக்கருக்கு அந்தக் கதவு ஏற்கெனவே பூட்டியாயிற்று. இதை எழுதியவர் வீட்டில் சமைத்தே பார்த்திருக்க மாட்டார்.

மீதி இருப்பது மாவட்ட நீதிமன்றம். அங்கே காயம்பட்ட நாளிலிருந்து இரண்டு வருட அவகாசம் உண்டு. 1932இல் பிரித்தானியாவில், ஜிஞ்சர் பியர் போத்தலுக்குள் நத்தை கிடந்ததாக ஒரு பெண் தொடுத்த வழக்கில், காசு கொடுத்து வாங்காதவருக்கும் உற்பத்தியாளர் பொறுப்பு என்று தீர்ந்தது. அவருக்கு அதை வாங்கிக் கொடுத்தது தோழி. மச்சாளின் குக்கரை வாங்கியது அண்ணன். ஆனால் கவனயீனம் நடந்தது என்பதைக் காயப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். கைத்தழும்பை மட்டும் காட்டினால் போதாது. வால்வைக் காட்ட வேண்டும்.

"குக்கர் எங்கே?" என்று கேட்டேன். இருநூறு ரூபாய்க்குப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்றாம். பற்றுச்சீட்டு இருந்தது, எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாக. வாங்கிய அன்றே கைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தால்...

மச்சாளுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. குக்கர்தான் இல்லை.