ஏழே ஆட்டங்களின் கனம்
சிறிய கல்லூரி அணிகளுக்கு லீக் சுற்று வெறும் முன்னோட்டம், பருவத்தின் இறுதியில் நடக்கும் நாக்-அவுட் சுற்றே அனைத்தையும் முடிவு செய்கிறது என்று கல்லூரி விளையாட்டு பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் பொதுப்படையாகக் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மூன்றாம் பிரிவில் சிகாகோ, எமரி, ராச்செஸ்டர் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்கள் அடங்கிய யுஏஏ (யுனிவர்சிட்டி அத்லெட்டிக் அசோசியேஷன்) லீக்கில் அத்தகைய சுற்றே கிடையாது. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளை ஒரே ஒரு முறை சந்திக்க, பட்டியலில் முதலிடம் பெறும் அணி தேசியப் போட்டிக்கு நேரடியாகச் செல்கிறது. 2022 முதல் லீக் ஆட்டங்களில் கூடுதல் நேரமும் நீக்கப்பட்டுவிட்டதால், சமனில் முடியும் ஆட்டத்தில் (வெற்றிக்கு மூன்று புள்ளிகள், சமனுக்கு ஒன்றே) கைநழுவிய இரண்டு புள்ளிகளை மீட்க வழியில்லை. அந்த ஆண்டு, விளையாட்டு உதவித்தொகை ஏதுமின்றி ஆடிய சிகாகோ மாணவர்கள் ஜூலியான் சிட்ச் அவர்களின் பயிற்சியில் ஒரு தோல்வியும் காணாமல் தேசியப் பட்டம் வென்றதை இணைய ஒளிபரப்பில் தொடர்ந்த நான், அவர்களது ஒவ்வொரு லீக் ஆட்டத்தையும் இறுதி ஆட்டத்தைப் போன்ற பதைப்புடனேயே பார்த்தேன்.